மாடியில்லாத படிக்கட்டு

ஆண்டு விழா மேடையில் தாளாளர் சண்முகசுந்தரம் குழந்தை மனத்தின் ஆழத்தை நாற்பது நிமிடமாக அளந்துகொண்டிருந்தார். கீழே நாலாவது வரிசையில் கஜபதி தன் நாற்காலியின் இடது முன்காலை அளந்துகொண்டிருந்தான். கண்ணாலேயேதான். ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், கட்டை என்று முடிவு செய்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். மயிரிழை பிசகினாலும் கஜபதி கண்ணுக்குத் தப்பாது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவனும் அவன்தான்.

மேடையில் இருந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. திருமுல்லைவாயில் ஞானச்சுடர் நடுநிலைப் பள்ளியை நடத்துகிறவர். 'பிஞ்சு மனச் சிற்பி' என்று பட்டம் வாங்கியவர். பட்டத்தைக் கொடுத்தது வட்டாரக் கல்வியாளர் பேரவை. பேரவைக்குத் தலைவர் யாரென்று கேட்டால் சபையில் சங்கடம் வரும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

கஜபதியின் மகள் சுசீலா அந்தப் பள்ளியில்தான் அஞ்சாவது படித்தாள். பத்து வயது. ரெண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. இடுப்பிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புப் பட்டை. அவள் வருவது தெருக்கோடியிலேயே கேட்கும். படிப்பில் முதல் மூன்று பேருக்குள் இருப்பாள். வாயில் முதல் ஆள்.

சிக்கல் என்னவென்றால், பள்ளியில் அஞ்சு வரைக்கும் கீழே, ஆறிலிருந்து எட்டு வரைக்கும் மாடி. போன மாதம் கஜபதியைக் கூப்பிட்டு, பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். குழந்தையின் நன்மைக்காகத்தானாம். ஆறாவதைக் கீழே கொண்டுவரக் கூடாதா என்று கஜபதியின் மனைவி பூங்காவனம் கேட்டதற்கு, கீழே காலி அறை இல்லை என்று பதில் வந்தது. இருந்த ஒரு அறையில் 'குழந்தை உளவியல் ஆய்வு மையம்' இயங்கிவந்தது. அதில் ஒரு சோபா, ஒரு கண்ணாடி பீரோ, பீரோவுக்குள் தாளாளர் வாங்கிய நாற்பத்து மூன்று பொன்னாடைகள். குழந்தைகள் யாரும் உள்ளே போனதில்லை. விரிப்பு அழுக்காகிவிடும்.

வேறு பள்ளி என்றால் ரயில் லைனைத் தாண்ட வேண்டும், இல்லை அம்பத்தூருக்கு பஸ் ஏற வேண்டும். எட்டு மணி பஸ்ஸில் கஜபதியே ஒரு காலில்தான் தொங்கிக்கொண்டு போவான். இரும்புக் காலோடு ஒரு பெண் எங்கே ஏறுவாள்? டி.சி. வாங்கினால் படிப்பு அதோடு சரி. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேடையில் சண்முகசுந்தரம் உச்சத்துக்கு வந்திருந்தார். திடீரென்று சுசீலாவை நோக்கிக் கையை நீட்டினார். முந்நூறு தலைகள் திரும்பின.

"இதோ அமர்ந்திருக்கிறதே ஒரு பிஞ்சு, இதன் காலில் இருப்பது குறை, நம் கண்ணில் இருப்பது கருணை. அந்தப் பிஞ்சு மட்டும் எவர் துணையுமின்றி நம் பள்ளியின் இருபத்திரண்டு படிகளையும் ஏறி வந்துவிட்டால், என் கையாலேயே மாலை சூட்டி ஆறாம் வகுப்பில் அமர்த்துவேன். இது சண்முகசுந்தரத்தின் வாக்கு."

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 'முல்லை முரசு' என்ற மாதமிருமுறை இதழை நடத்தி, மிச்ச நேரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் பாஸ்கரன் அதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார்.

பூங்காவனம் புருஷனின் விலாவில் இடித்தாள். "கேட்டுக்கினியா?"

"இன்னாத்த?"

"நாக்காலிய வுட்டுட்டு அந்தாளு சொன்னத்த கேளுய்யா. பேப்பர்காரரு எழுதிக்கினாரு. ஜூன் மாசம் நம்ம பொண்ணு ஏறுது."

வீட்டுக்கு வந்ததும் பெரிய வாக்குவாதம். ஏழு வயசில் சுசீலா மருத்துவமனைப் படியில் விழுந்து பல் உடைந்ததைக் கஜபதி நினைவுபடுத்தினான். இப்போது முளைத்திருப்பது புதுப் பல்தானே என்றாள் பூங்காவனம். கஜபதியின் தங்கை வேம்புலியம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். சாரத்தில் தலைச்சுமையோடு ஏறுவதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு உளவியல் மையத்துக்குத் தெரியாது. ஆனால் அவளை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இன்னொருத்தியையும் கேட்கவில்லை.

"ஏறப்போறது நானு," என்றாள் சுசீலா, தட்டிலிருந்து தலை தூக்காமல். "நீங்க ஏன் கத்திக்கினு கீறீங்க? நைனா, எனக்கு ஒரு படி செஞ்சு குடு."

மறுநாளே கஜபதி காரியத்தில் இறங்கினான். காரியம் என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக்கொடுத்து உள்ளே போய், ஸ்டீல் ஸ்கேலை வைத்து முதல் மூன்று படிகளை அளந்தான். உயரம் ஆறே முக்கால் அங்குலம். மூன்றும் ஒன்றுபோல. போதும் என்று ஸ்கேலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அவன் கம்பெனியில் அதுதான் முறை. காலையில் முதல் பீஸை இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்து, 'ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே' என்று சீட்டு ஒட்டிவிட்டால், அப்புறம் ஆயிரம் பீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். மிஞ்சிப் போனால் மூன்று பார்ப்பார்கள். கஜபதி மூன்று பார்த்துவிட்டான்.

"கொத்தன் கட்ன படிண்ணே அது. லேத்துல கடைஞ்சது இல்ல," என்றாள் வேம்புலியம்மாள்.

படிப்பறிவில்லாதவர்களுக்கு அளவின் அருமை தெரியாது என்று அவளுக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, கம்பெனியில் கழித்துக்கட்டிய பேக்கிங் பெட்டிப் பலகைகளுக்கு கேட் பாஸ் வாங்கப் போனான்.

பத்து நாளில் வாசலில் படிக்கட்டு எழுந்தது. மூன்று படிகள். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் போய்ச் சத்தியம் பண்ணினாற்போல் நிற்கும். ஒரு பக்கம் கைப்பிடிக்குப் பதில் வீட்டுச் சுவர். மேலே ஏறினால் மாடி கிடையாது, ஓட்டுக்கூரையின் விளிம்பும் ஒரு காக்காயும்தான். அப்படியே திரும்பி இறங்கி வர வேண்டும். ஏழு தடவை ஏறினால் இருபத்தொன்று, ஒன்று பாக்கி. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக் கோவிந்தன், ஆவடி டேங்க் தொழிற்சாலையில் பெயின்டர், தினமும் சைக்கிளை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போவான்.

"இன்னா மாமே, படி ரெடி. மாடி எப்போ?"

"ஜூன்ல," என்பான் கஜபதி.

வீட்டு வேலைகள் மூன்று பேருக்கும் பிரிந்தன. கஜபதி மூன்று மாதத்துக்கு மத்தியான ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். காலை நேரம் அவன் பொறுப்பு. இடது காலை மேலே வை, சுவரைப் பிடி, இடுப்பை எக்கு, இரும்புக் காலைச் சுழற்றித் தூக்கு. ஒன்று, ரெண்டு, மூன்று என்று மெஷின் ஓட்டுகிற தாளத்தில் சொல்லுவான். சாயங்காலம் வேம்புலியம்மாள் வேலை முடித்து வந்து பார்த்துக்கொள்வாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பூங்காவனத்தின் பொறுப்பு எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது: மகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

சுசீலா விழுந்தாள். முதல் வாரம் நாளைக்கு ஏழெட்டுத் தடவை. முதல் தடவை கஜபதி பாய்ந்து ஓடினான். பூங்காவனம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் அது சட்டம். கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாமல் போகக் கூடாது. "நாம ஓடிப் போய்த் தூக்கினா, அது பெரிய அடி போலக்குதுன்னு அதுவே நெனச்சிக்கும்," என்பாள். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தேய்த்த குண்டானையே மறுபடி தேய்ப்பாள். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் வீட்டு அலுமினியக் குண்டான் பாதி மெலிந்துவிட்டது. சுசீலா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கீழே கிடந்தபடியே, இன்னும் எத்தனை படி பாக்கி என்று மட்டும் கேட்பாள்.

ஏப்ரலில் ஒரு மர்மம் தொடங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் ரெண்டாவது படிக்கு அடியில் ஒரு செங்கல் துண்டு. படி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கஜபதி அதை எடுத்துப்போட்டு ரசமட்டம் வைத்துச் சரி பண்ணுவான். மறுநாள் முதல் படியின் மேல் ஒரு பலகை ஆணி அடித்துக் கிடக்கும், உயரம் எட்டாகியிருக்கும். அதற்கு மறுநாள் மூன்றாவது படி ஆடும். தெருப் பையன்களின் சேட்டை என்று முடிவு கட்டிய கஜபதி, சாக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதிவைத்தான்: 'இப்படிக்கட்டைத் தொடுபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

மறுநாள் அந்த எழுத்துக்கு நேர் கீழே ரெண்டு செங்கல் இருந்தன.

"யாருன்னு உனுக்குத் தெரியுமா?" என்று மகளைக் கேட்டான்.

"தெரியாது நைனா," என்றாள் சுசீலா, அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. உள்ளே வேம்புலியம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றைக்குப் பூங்காவனம் ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய ஒரு மாலையை வாங்கிக்கொண்டு வந்தாள். நேரே ஆபீஸுக்குப் போய்த் தாளாளர் மேஜைமேல் வைத்தாள். கூடவே அவர் வாக்கு அச்சாகியிருந்த பக்கத்தை 'முல்லை முரசு' இதழிலிருந்து கத்தரித்த துண்டு. "ஐயா வேல மும்முரத்துல மறந்துடப் போறீங்கன்னு நாங்களே வாங்கியாந்துட்டோம்."

தாளாளர் மறக்கவில்லை. பாஸ்கரனைக் கேமராவோடு அவரே வரச்சொல்லியிருந்தார். 'தோல்வியும் ஒரு பாடமே' என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதி மடித்துப் பையில் வைத்திருந்தார். ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில். அழும் குழந்தையை அணைத்தபடி ஒரு படம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்குத் தோதாகப் புதுப் பொன்னாடை போர்த்தியிருந்தார்.

பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். மாடிப்படிக்கு ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர். மேலே போகப் போக வெளிச்சம் குறைந்தது. சுசீலா சடையைப் பின்னால் தள்ளிவிட்டு முதல் படியில் இடது காலை வைத்தாள். இரும்பு கிணுங்கியது.

ஒன்று. ரெண்டு. மூன்று. கஜபதியின் உதடு தாளம் போட்டது.

நாலாவது படியில் அவன் கண் நின்றுவிட்டது. அது ஆறேகால். அஞ்சாவது ஏழரை. ஆறாவது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஏழாவதின் விளிம்பு உடைந்து, எட்டாவது படி கோணலாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டியவர் தாளாளரின் மச்சினர். சிமெண்டும் அளவும் அவர் இஷ்டப்படி. கஜபதியின் கை சட்டைப்பை ஸ்கேலுக்குப் போயிற்று. பதினோரு வருஷத்தில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகாதவன், முதல் மூன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பெற்ற மகளுக்கு 'ஓகே' சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டான். தாளம் தப்பினால் விழுவாள். விழுந்தால் டி.சி. நிறுத்தச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தான்.

வேம்புலியம்மாள் அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள். "கம்முனு பாருண்ணே."

பார்த்தான். சுசீலா தாளத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் இடது காலின் நுனியால் அடுத்த படியை ஒரு தட்டு தட்டினாள், தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. உயரத்தை வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் எக்கினாள். சரிந்த படியில் சுவர்ப்பக்கம் ஒட்டினாள். உடைந்ததில் குதிகாலை உள்ளே தள்ளி வைத்தாள். இதெல்லாம் கஜபதி சொல்லிக்கொடுத்ததே இல்லை. மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் மேலே கூரையில் எதையோ சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மாதத்துச் செங்கல் துண்டுகளுக்கும் அப்போதுதான் கஜபதிக்கு முகவரி கிடைத்தது. கடும் நடவடிக்கை எடுக்கும் உத்தேசத்தை அவன் அங்கேயே கைவிட்டான்.

பதினெட்டு. பத்தொன்பது. பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்திருந்தார்கள். இருபது. இருபத்தொன்று.

கடைசிப் படியில்தான் மச்சினர் தன் கணக்கில் வந்த மிச்சம் மீதி உயரத்தையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியிருந்தார். பத்து அங்குலத்துக்குக் குறையாது. சுசீலா தட்டினாள். யோசித்தாள். மறுபடி தட்டினாள். இடது கால் ஏறியது. சுழற்றி வந்த இரும்புக் காலின் பூட்ஸ் நுனி விளிம்பில் இடித்தது. முழங்கை தரையில் மோத, இருபத்தொன்றாவது படியிலேயே மடங்கி விழுந்தாள்.

எண்ணிக்கை நின்றது. கீழே தாளாளர் முகத்தில் கருணை பொங்க, பையிலிருந்து நாலு பக்கத்தை எடுத்துப் பிரித்தார். மாடியிலிருந்த டீச்சர் பதறிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க டீச்சர்," என்ற பூங்காவனத்தின் குரல் கீழேயிருந்து போயிற்று. "தொட்டா அவுட்டு."

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். பூங்காவனத்துக்குத் தேய்க்கக் குண்டான் இல்லை. முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினாள். கஜபதி ஒரு படியில் கால் வைத்தவன் தானாகவே எடுத்துவிட்டான். அவள் கூப்பிடவில்லை. மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அப்படி நிற்பதற்குத்தான் அவர்கள் மூன்று மாதம் பழகியிருந்தார்கள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "எத்தினி பாக்கி?"

"ஒண்ணு," என்றான் கஜபதி.

"அவ்ளோதானே."

சுசீலா எழுந்து நிற்க முயலவில்லை. படியிலேயே திரும்பி, எல்லோரையும் பார்த்தாற்போல் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் மாடித் தரையில் ஊன்றினாள். உடம்பை ஒரே எக்காக எக்கி மேலே உட்கார்ந்தாள். இரும்புக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பூட்ஸ் வருவதற்கு முன்னால், மூன்று வயதில், வீட்டு வாசற்படியை அவள் அப்படித்தான் ஏறுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பற்றி, முட்டியில் பட்டையைப் பூட்டி, நிமிர்ந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் அலறியது. வேம்புலியம்மாள் அடித்த விசில் ரயில்வே லைன் வரைக்கும் கேட்டிருக்கும். பூங்காவனம் முறுக்கிய முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்; கஜபதி சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை எதற்கென்று தெரியாமல் எடுத்துத் திரும்ப வைத்தான்.

சத்தம் சற்று அடங்கியதும் சுசீலா கீழே எட்டிப்பார்த்தாள். "சார், மாலை?"

சண்முகசுந்தரம் கையில் நாலு பக்கம் தோல்வியோடு நின்றார். பாஸ்கரன் கேமராவைத் தூக்கினார். முந்நூறு பிள்ளைகள் பார்த்தார்கள். 'இறங்கி வாம்மா' என்று சொல்ல வாயெடுத்தவருக்குப் பூங்காவனம் மாலையை நீட்டினாள். "மேலதானே ஐயா ஆறாங்கிளாஸு."

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டப் போனதற்கு அப்புறம் ஆறு வருஷமாக அவர் மாடி ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினார். அஞ்சாவது படியில் பொன்னாடை காலில் சிக்கியது. எட்டாவதில் தடுமாறி, தன் மச்சினரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். நடுவழியில் இயற்கையை ரசிப்பதுபோல் வெகுநேரம் நின்றார். அங்கே ரசிக்க ஒரு சுவர்தான் இருந்தது. மெல்ல மெல்லக் கடைசிப் படிக்கு வந்து காலைத் தூக்கினார். கால் பாதி உயரத்தில் மனசு மாறிக் கீழே இறங்கியது. இன்னொரு தடவை தூக்கினார். ஒரு செருப்பு கழன்று இருபத்தொரு படிகளையும் எண்ணிக்கொண்டே கீழே போயிற்று.

சுசீலாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அந்தப் படி ஒசரம் சார். திரும்பி குந்திகினு ஏறுங்க. வெக்கமெல்லாம் பட வேணாம்."

பிஞ்சு மனச் சிற்பி திரும்பினார். உட்கார்ந்தார். கையை ஊன்றினார். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

அடுத்த 'முல்லை முரசு' இதழில், தாளாளரின் உளவியல் பயிற்சியால் மாணவி மாடியேறிய அதிசயம் என்று அரைப் பக்கம் வந்தது. செய்தியைத் தாளாளர் எழுதிக் கொடுத்திருந்தார். படம் மட்டும் பாஸ்கரனுடையது. எடுத்த படங்களில் தேறியது இது ஒன்றே ஒன்று என்று அவர் சாதித்துவிட்டார். அதில் சுசீலா மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, மாலையோடு மாலையாகத் தாளாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் நாலு பிரதி வாங்கி ஆவடிக்குக் கொண்டுபோனான்.

ஆறு வருஷமாகப் பிள்ளைகள் தடுக்கி விழுந்தபோது கண்ணில் படாத கடைசிப் படி, தாளாளர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததும் நாலே நாளில் அவசரப் பணியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படிகளையும் சரிசெய்ய மேஸ்திரி வந்தார். அவரோடு கலவை சுமக்க வந்த சித்தாள் வேம்புலியம்மாள். ஓரமாக நின்று இருபத்திரண்டு படிகளையும், இந்தத் தடவை ஒன்று விடாமல், ஸ்கேல் வைத்து அளந்து சாக்கட்டியால் குறித்தவன் கஜபதி. மேஸ்திரி, யார் இந்தாளு என்று கேட்டதற்கு, எங்க அண்ணன், அளவு விஷயத்தில் இப்போதுதான் தொழில் பழகுகிறார் என்றாள் வேம்புலியம்மாள்.

திங்கட்கிழமை காலை கஜபதி மகளைக் கீழ்ப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டான். எல்லாப் படியும் சரியாகிவிட்டதாகவும், எட்டாவதை மட்டும் மேஸ்திரி மறந்துவிட்டதாகவும், அதை அடுத்த வாரம் தானே வந்து சரிசெய்வதாகவும் சொன்னான்.

"அத்த வுட்டுடு நைனா," என்றாள் சுசீலா, முதல் படியைத் தட்டிப் பார்த்தபடி. "எல்லாத்தையும் சரி பண்ணிட்டா, நான் கத்துக்கினத்த வச்சி இன்னா பண்றது?"

மணி அடித்தது. அவள் ஏறினாள்.